சும்மா இருந்த பச்சை ஒயர்

தாராபுரத்திலிருந்து பழனிக்குப் போகும் சாலையில், நடந்து போகிறவர்களுக்குச் சோறு போடும் மடம் ஒன்று. பொறுப்பு பாவாயம்மாளிடம் இருந்தது. அவருக்கு நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. அவரைவிட மூத்தவர்களும் அவரைக் குருவாக ஏற்று அங்கே தங்கியிருந்தார்கள்.

அப்படித் தங்கியவர்களில் ஒருவர் வையாபுரி. வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். மனிதர்கள் யாரையும் பிடிக்காமல் போய் மடத்துக்கு வந்தார். மடத்திலும் மனிதர்கள்தான் இருந்தார்கள். வேன் சாவியை அவரிடம் கொடுத்தார்கள். அதனால் தங்கினார்.

ஒரு நாள் காலையில் அவர் பாவாயம்மாளிடம் வந்து நின்றார். பாவாயம்மாள் கூடை வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து, முற்றியதை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒருத்தனை நம்பலாமா கூடாதான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

"யாரை?"

"பொதுவாத்தாங்க கேட்டேன்."

"பொதுவாக் கேக்கறவங்க பல்லுகூட விளக்காம வந்து கேக்க மாட்டாங்க. யாரை?"

"சென்னியப்பனை."

பாவாயம்மாள் அடுத்த வெண்டைக்காயை எடுத்தார்.

சென்னியப்பனுக்குச் சமையல்கட்டில் வேலை. வேன் பின்னால் வரும்போது பின்பக்கம் நின்று தட்டுவதும் அவன் வேலைதான். உள்ளங்கையால் வண்டியின் பக்கவாட்டில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால், வரலாம் என்று அர்த்தம். ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினால் நின்றுவிட வேண்டும். லாரி ஓட்டியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

போன ஐப்பசியில், நல்ல மழையில், வேன் பின்னால் போய் மடத்து வாசல் தூணில் இடித்தது. அவன் தட்டவில்லை என்றார் வையாபுரி. தட்டினேன் என்றான் சென்னியப்பன். தூணில் காரை பெயர்ந்த இடத்தைப் பூசக் கொத்தனார் வந்தபோது வையாபுரி குறுக்கே போய் நின்றார்.

"அது அப்படியே இருக்கட்டும். பூசிட்டா நான் மறந்துபோயிருவேன்."

இன்னும் பூசவில்லை. தினமும் காலையில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வண்டி எடுப்பார்.

"அவன் வேணும்னேதான் தட்டலைங்க" என்றார் இப்போது. "எனக்குக் கண்ணு போச்சுன்னு நாலு பேர் பேசணும். சாவி என் கையை விட்டுப் போகணும். அதாங்க அவன் கணக்கு."

"அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாதே."

"அதனாலதாங்க சந்தேகமே. ஓட்டத் தெரிஞ்சவன்னா எதுக்குச் செய்யறான்னு புரிஞ்சிருக்கும்."

அப்போது சென்னியப்பன் டீ டம்ளரோடு வந்தான். ஐம்பதைத் தாண்டியவன். சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் வாய் கோணும். வையாபுரிக்கு அது பிடிக்காது.

"அண்ணா, டீ."

வையாபுரி ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதுல என்ன போட்டே?"

"சர்க்கரைங்க."

"தினமும் இவ்வளவு போட மாட்டியே."

"தினமும் நீங்க கொஞ்சம்தான் முறைப்பீங்க. இன்னைக்கு நெறைய முறைச்சீங்க. அதான் தூக்கலாப் போட்டேன்."

வையாபுரி டம்ளரைத் தள்ளி வைத்தார். பாவாயம்மாளைப் பார்த்துச் சொன்னார்.

"தைப்பூசம் வருதுங்க. வாசல் பூரா ஆளும் பேருமாப் படுத்திருப்பாங்க. இவனைப் பின்னாடி நிக்க வெச்சு நான் வண்டி எடுக்க மாட்டேன். திருப்பூர்க்காரர் ஒருத்தர் தன்னோட பழைய காரிலிருந்து கழட்டி, பின்னாடி பார்க்கிற கேமரா ஒண்ணைக் குடுத்துட்டுப் போனாரே, அதை மாட்டறேன். கேமரா இருந்தாப் பின்னாடி ஆள் எதுக்கு? இவனை ஊருக்கு அனுப்பிடுங்க. இல்லை, நான் போறேன்."

பாவாயம்மாள் முற்றிய வெண்டைக்காய் ஒன்றை ஒதுக்கினார்.

"மாட்டுங்க. மதியம் பந்தி முடிஞ்சதும், பின்னாடி ஒருத்தரும் இல்லாம, கேட்டிலிருந்து சமையல்கட்டு வாசல் வரைக்கும் வண்டியைப் பின்னாலேயே கொண்டுவந்து காட்டுங்க. காட்டிட்டா அவனை அனுப்பிடறேன்."

சென்னியப்பனின் வாய் கோணவில்லை. ஊரில் அவனுக்கு யாரும் இல்லை. சமையல்கட்டின் பின்னறையும் அங்கே இருந்த தகரப் பெட்டியும்தான் அவன் வீடு. குடிக்காத டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

வேன், வாசலில் வடக்குப் பார்த்து நின்றது. வையாபுரி முன்னால், படம் காட்டும் சின்னத் திரையைப் பொருத்தினார். பின்கதவின் மேல் கேமராவைத் திருகினார். அதுவரை சிரமம் இல்லை. சிரமம் கேமராவின் வாலில் இருந்தது.

வாலில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு, பச்சை என்று ஒயர்கள். மஞ்சள், திரைக்குப் படம் கொண்டுபோவது. அதன் முனையில் தனிப் பிளக் இருந்ததால் வேறெங்கும் நுழையாது. மற்றவை எது எதற்கு என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. திருப்பூர்க்காரருக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டான்" என்றார் வையாபுரி. "ஓசியில குடுத்தானே, அப்பவே நினைச்சேன்."

பாவாயம்மாள் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வையாபுரி சீட்டுக்கு அடியிலிருந்து டெஸ்ட் லைட்டை எடுத்தார். ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், ஒன்றில் கிளிப், ஒன்றில் ஊசி. கரண்டு உள்ள இடத்தைத் தொட்டால் பல்பு எரியும். லாரிக் காலத்திலிருந்து கூட இருப்பது.

"இது ஒண்ணுதாங்கம்மா என்கிட்டப் பொய் சொல்லாதது."

ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் கேமரா விழிக்க வேண்டும். அதற்கு, வண்டியின் ரிவர்ஸ் லைட்டுக்குப் போகும் கரண்டிலிருந்து எடுக்க வேண்டும். சாவியைத் திருப்பினார். கியரைப் போட்டார். பின்னால் வந்து லைட்டைக் கழற்றினார். அங்கே ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு.

சமையல்கட்டு வாசலிலிருந்து சென்னியப்பனின் குரல் வந்தது.

"சிவப்புதாங்கண்ணா கரண்டு! கறுப்பு எர்த்!"

"உன்னைக் கேட்டனா?"

"கேக்கலீங்க. சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்றவனைத்தான் பயப்படணும்" என்றார் வையாபுரி, பாவாயம்மாளிடம். கிளிப்பை வண்டியின் தகரத்தில் கவ்வவிட்டு, ஊசியால் சிவப்பைத் தொட்டார். பல்பு எரியவில்லை. கறுப்பைத் தொட்டார். எரிந்தது.

வையாபுரியின் முகமும் எரிந்தது.

"பாத்தீங்களாம்மா? பாத்தீங்களா? இவன் பேச்சைக் கேட்டிருந்தாக் கேமரா கருகிப்போயிருக்கும்."

சென்னியப்பன் கரண்டியோடு வெளியே வந்தான்.

"நான் கேமரா ஒயரைச் சொன்னேன். வண்டியை இதுக்கு முன்னாடி வெச்சிருந்தவன் கையில கிடைச்ச ஒயரைப் போட்டு முறுக்கி வெச்சிருக்கான். அதுக்கு நான் என்னங்க பண்றது?"

"இப்ப மாத்திப் பேசறான் பாருங்க."

"ஒயரைச் சந்தேகப்பட்டது நல்லதாப் போச்சு" என்றார் பாவாயம்மாள்.

வையாபுரிக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ஒயர்னா கோவிச்சுக்காது" என்றார் பாவாயம்மாள்.

வையாபுரி அதைக் காதில் வாங்கவில்லை. கேமராவின் சிவப்பை எடுத்தார். நேராகக் கரண்டில் சேர்க்கவில்லை. நடுவில் டெஸ்ட் லைட்டை வைத்துச் சேர்த்தார். ஒயர் தப்பாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, கேமரா தப்பித்துக்கொள்ளும். கறுப்பைத் தகரத்தில் வைத்து அழுத்தினார். பல்பு எரியவில்லை.

"படம் வந்துருச்சுங்கண்ணா!" என்று முன்பக்கம் எட்டிப் பார்த்துக் கத்தினான் சென்னியப்பன்.

வையாபுரி ஒயரை அப்படியே டேப் போட்டு ஒட்டிவிட்டு, வண்டியைச் சுற்றி வந்து தானே பார்த்தார். திரையில் வெள்ளையடித்த நீளச் சுவரும் மண் தரையும் தெரிந்தன. படம் வந்துதான் இருந்தது.

ஆக, கேமராவில் சிவப்பு கரண்டுதான். கறுப்பு எர்த்துதான். சென்னியப்பன் சொன்னது சரி.

"அதிர்ஷ்டம்" என்றார் வையாபுரி.

டெஸ்ட் லைட்டை எடுத்துவிட்டு, ஒயர்களை முறுக்கி டேப் சுற்றினார். பச்சை மட்டும் மிஞ்சியது. மெல்லிய ஒயர். வாலிலிருந்து வெளியே வந்து, ஒரு விரல் நீளம் போய், வளைந்து, அதே வாலுக்குள் திரும்பிப் போனது. ஊசியால் தொட்டார். பல்பு எரியவில்லை. கிளிப்பைக் கரண்டில் மாற்றி வைத்துத் தொட்டார். எரியவில்லை. கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன அது?" என்றார் பாவாயம்மாள்.

"தெரியலீங்க. வெளியே வருது, எங்கேயும் போகாம உள்ளேயே திரும்பிப் போகுது. ஒரு வேலையும் செய்யறதில்லை."

"தெரியலைன்னா விட்டுடுங்க."

"அதெப்படிங்க? வேலை இல்லாதவன் எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கான்? நாளைக்கு இதுதான் போய் எதையாவது தொட்டு எல்லாத்தையும் எரிக்கும். இல்லை, எவனாவது எதுக்காவது வெச்சிருப்பான்."

"அண்ணா, கம்பெனியில வெச்சதுங்க அது" என்றான் சென்னியப்பன்.

அதுவரை வையாபுரி வெட்டுவதா வேண்டாமா என்று இருந்தார். உடனே பிளேடை எடுத்துப் பச்சை ஒயரை வெட்டினார்.

முன்னால் போய்ச் சாவியை அணைத்து மறுபடி திருப்பினார். திரையில் வெள்ளைச் சுவர். மண் தரை. எந்த மாற்றமும் இல்லை.

"பாத்தியா?" என்றார் சென்னியப்பனிடம். "ஒண்ணும் ஆகலை."

மதியம் பந்தி முடிந்தது. எச்சில் இலைகளை எடுத்தார்கள். வையாபுரி வேனைச் சாலைக்குக் கொண்டுபோய், பின்பக்கம் மடத்தைப் பார்க்கும்படி கேட்டில் நிறுத்தினார். பாவாயம்மாள் வேனுக்கு முன்னால், கேட் ஓரத்தில் நின்றார்.

"நீ உள்ளேயே இரு" என்றார் வையாபுரி, சென்னியப்பனிடம். "வாசல்ல உன் தலை தெரியக் கூடாது."

அவன் போனான். தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து இழுபடும் சத்தம் கேட்டது.

வையாபுரி சீட்டில் ஏறினார். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கினார்.

"கண்ணாடி எதுக்கு மடக்கறீங்க?" என்றார் பாவாயம்மாள்.

"கண்ணாடியைப் பார்த்துத்தான் வந்தேன்னு அப்பறம் யாரும் சொல்லக் கூடாது பாருங்க."

ரிவர்ஸ் கியர் போட்டார். திரை விழித்தது. வெள்ளைச் சுவர். மண் தரை. தரையில், வலது பக்கம், ஒரு பெரிய அண்டா பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பூசத்துக்கென்று பரணிலிருந்து இறக்கியது. கழுவப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தார். அது வலது பக்கம் கிடக்கிறது. இடது பக்கம் ஒதுங்கிப் போனால் தாராளமாக இடம் இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினார். வேன் பின்னால் நகர்ந்தது.

அண்டா விலகவில்லை. கொஞ்சம் பெரிதானது.

இன்னும் திருப்பினார். அண்டா இன்னும் பெரிதாகித் திரையின் நடுவுக்கு வந்தது.

வையாபுரிக்குப் புரிந்துவிட்டது. சென்னியப்பன் கீழே குனிந்து அண்டாவை உருட்டுகிறான். வண்டி போகும் பக்கமெல்லாம் அதைத் தள்ளிக்கொண்டு வருகிறான். கேமராவில் தலை தெரியாதபடி அதன் மறைவில் இருந்துகொண்டு செய்கிறான். இன்று இந்த வண்டி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அவன் ஊருக்குப் போக வேண்டும் அல்லவா?

"உருட்டுடா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "எவ்வளவு தூரம் உருட்டறேன்னு பார்க்கறேன்." ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தார். ஆக்சிலேட்டரை மிதித்தார்.

தட்! தட்!

வேன் குலுங்கி நின்றது. இன்ஜின் அணைந்தது. 

ஒரு சத்தமும் இல்லை. பிறகு பின்பக்கத்திலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, சரக் சரக் என்று தேய்க்கும் சத்தம் கேட்டது. அதுவும் நின்றது.

"யாரது கூப்பிட்டது?" என்றது ஒரு பெண்குரல்.

பாத்திரம் துலக்கும் மயிலாத்தாளின் குரல் அது. அண்டாவின் அடிக்கரியைச் சுரண்ட, வேனுக்கு மறுபக்கம் இருந்த அதன் வாய்க்குள் தலையும் தோளும் போக மண்டியிட்டிருந்தாள். கையில் புளியும் சாம்பலும். வெளியே தலையை எடுத்தவள், அண்டாவுக்கு ஒரு சாண் தள்ளி வேனின் பம்பர் நிற்பதைப் பார்த்தாள். பக்கத்தில், வேனுக்கும் அண்டாவுக்கும் நடுவில் ஒரு கையை நீட்டிக்கொண்டு சென்னியப்பன் நிற்பதையும் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?" என்றாள். அண்டாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வையாபுரி தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். வலது பக்கம் அண்டா இல்லை. அது வேனின் இடது மூலைக்குப் பின்னால் கிடந்தது. போட்ட இடத்திலேயே கிடந்தது. உருட்டிய தடம் மண்ணில் இல்லை.

அவர் முதலில் சொன்னது இதுதான்:

"உன்னை உள்ளே இருக்கச் சொன்னனா இல்லையா? எதுக்குடா வந்தே?"

சென்னியப்பன் நீட்டிய கையை இறக்கினான். வாய் ஒரு பக்கம் கோணியது.

"உங்க மேல சந்தேகம்ங்கண்ணா. அதான் வந்து நின்னேன்."

பாவாயம்மாள் வண்டியைச் சுற்றிப் பின்னால் போனார். மயிலாத்தாளைத் தொட்டு எழுப்பி நிழலில் உட்காரவைத்தார். பிறகு வேனின் பின்னால், இடது பக்கமாக நின்று ஒரு கையைத் தூக்கினார்.

"வையாபுரி, நான் எந்தப் பக்கம் நிக்கறேன்?"

வையாபுரி திரையைப் பார்த்தார்.

"வலது பக்கம்ங்க."

"தலையை வெளியே நீட்டிப் பார்த்துச் சொல்லுங்க."

வையாபுரி எட்டிப் பார்த்தார். வலது பக்கம் பாவாயம்மாள் இல்லை.

சென்னியப்பன் பின்கதவைத் திறந்தான். வெட்டிய பச்சை ஒயரின் இரண்டு முனைகளும் வாலிலிருந்து துருத்திக்கொண்டிருந்தன.

"தொடலாமுங்களாண்ணா? இல்லை, இதுக்கும் டெஸ்ட் லைட் வேணுமுங்களா?"

சென்னியப்பன் இரண்டு முனைகளையும் பல்லால் சீவி முறுக்கினான்.

"சாவியை ஆஃப் பண்ணி மறுபடி திருப்புங்க."

வையாபுரி அப்படியே செய்தார். திரை அணைந்து எரிந்தது. பாவாயம்மாள் அசையாமல் நின்ற இடத்திலேயே நின்றார். ஆனால் திரையில் அவர் இப்போது இடது பக்கம் இருந்தார். கை தூக்கியபடியே இருந்தது.

வையாபுரி திரையையும் தன் இடது கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

பாவாயம்மாள் முன்னால் வந்து, ஓட்டுநர் பக்க ஜன்னலருகே நின்றார். சென்னியப்பனும் கொஞ்சம் தள்ளி வந்து நின்றான்.

"அன்னைக்கு நீ தட்டலை" என்றார் வையாபுரி. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"தட்டினேனுங்க. மழைச் சத்தம்."

"பொய்."

"சரிங்க. பொய்யாவே இருக்கட்டும்."

"அம்மா, இவன் பாருங்க, இன்னைக்கும் சரியாப் பேச மாட்டேங்கறான். இன்னைக்குத் தட்டினான். நாளைக்குத் தட்டுவானா? பூசத்துல கூட்டம் படுத்திருக்கும்போது தட்டுவானா? தட்டினாலும் அது நெசமாத் தட்டினதா, என்னை ஏமாத்தத் தட்டினதான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? காலையிலேயே கேட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லலை. இவனை நம்பலாமா, கூடாதா?"

பாவாயம்மாள் ஜன்னல் வழியாக உள்ளே, கீழே பார்த்தார்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? அதோ, உங்க காலைக் கேளுங்க."

வையாபுரி குனிந்து பார்த்தார். கால் இன்னும் பிரேக்கை மிதித்தபடியே இருந்தது.